கணக்கு நோட்டும் காசி யாத்திரையும்

(நம் கல்லூரியின் 1972–75 பட்ட வகுப்பு மாணவர்களின் பொன்விழாச் சந்திப்பில் பேசியது. பேசிய நடையிலேயே தரப்பட்டுள்ளது.)

எங்களுக்குப் பாடம் சொல்லி, இந்த வயதிலும் மாடிப்படி ஏறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே மெஸ்ஸில் உட்கார்ந்து ஒரே சாம்பாரைத் திட்டிய நண்பர்களே!

விழாக் குழுச் செயலாளர் போன் பண்ணி, "நீ ஊர் சுத்தினதைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசு" என்றார். ஊர்களைப் பற்றி நான் என்னத்தைப் பேச? இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் பூரியும் காசியும் பார்த்தவர்கள். மீதிப் பாதிப் பேர் பிள்ளைகளைப் பார்க்கப் போய் அமெரிக்காவே பார்த்துவிட்டு வந்தவர்கள். நான் பேசப் போவது வாசப்படியைப் பற்றி. 60 வயதில், நாள் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, மாதக் கணக்கில் வீட்டை விட்டுப் போவது என்ற முடிவுக்கு நான் எப்படி வந்தேன், அதை மறுபடி ஒரு தடவை எப்படி எடுக்க வேண்டி வந்தது என்பது பற்றி. அறிவுரை ஒன்றும் கிடையாது, பயப்படாதீர்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்த ஆசை என்னுடையது இல்லை, கடன் வாங்கியது. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவனை நாம் எல்லோரும் 'பொன்மலை' என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறான். அவன் அப்பா ரயில்வே கார்டு. வீட்டிலிருந்து ஒரு பழைய நியூமன்ஸ் பிராட்ஷா கொண்டு வந்து வைத்திருந்தான். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பிராட்ஷா என்பது இந்தியா முழுவதற்குமான ரயில் கால அட்டவணை, தலையணை கனத்தில் ஒரு புத்தகம். நாமெல்லாம் ராத்திரி குமுதத்துக்கு அடித்துக்கொள்ளும்போது இவன் அதைப் படித்துக்கொண்டிருப்பான். இட்டார்சி, கட்டிஹார், மொகல்சராய் என்று ஸ்தோத்திரம் மாதிரி சொல்லுவான். மொகல்சராய்க்கு 2018-ல் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

1974 மே மாதம், கோடை விடுமுறையில், ஒரு மாதம் இந்தியாவைச் சுற்றுவது என்று நாங்கள் திட்டம் போட்டோம். ஆளுக்கு 150 ரூபாய். பாசஞ்சர் வண்டி, ஸ்டேஷனில் படுக்கை, ஊர்க் குழாயில் குளியல். நான் ஒரு வருஷம் காபி குடிக்காமல், சினிமா பார்க்காமல் அந்த 150 ரூபாயைச் சேர்த்தேன். மே 8-ம் தேதி அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. 17 லட்சம் பேர், 20 நாள். பொன்மலையின் அப்பாவும் அதில் இருந்தார். அந்த மாதம் அவர்கள் வீட்டில் ரயிலைப் பற்றி வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். என்னுடைய 150 ரூபாயை நான் அவன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் அப்பா பிற்பாடு அதைப் பைசா குறையாமல் திருப்பித் தந்தார். வட்டிக்குப் பதிலாக அந்த பிராட்ஷாவையும் கையில் கொடுத்து, "இது இனிமே உங்க கிட்டயே இருக்கட்டும் தம்பி" என்றார்.

அதற்கப்புறம் நடந்தது உங்கள் எல்லோருக்கும் நடந்ததுதான். 1977-ல் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் வேலை. 1982-ல் கல்யாணம். இரண்டு குழந்தைகள். 36 வருஷம் கிராமம் கிராமமாகப் போய்க் கடன் சங்கங்களின் பேரேட்டைப் புரட்டினேன். அந்தக் காலத்தில் வடக்கே நான் அதிகபட்சம் போனது திருப்பதி. பிராட்ஷா பரணில் கிடந்தது.

2013 ஜூலை கடைசியில் ஓய்வு பெற்றேன். அப்போது அரசு ஊழியருக்கு வயது 58. மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். அன்று ராத்திரியே பரணில் ஏறி பிராட்ஷாவை எடுத்தேன். மறுநாள் கிளம்பினேனா என்றால் இல்லை. ரயிலில் ஆண்களுக்கு 60 வயது ஆனால் கட்டணத்தில் 40 சதவீதம் சலுகை உண்டு என்று தெரிந்தது. (இப்போது இல்லை, 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள்.) சரி, இன்னும் இரண்டே வருஷம், சலுகையோடு போகலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். தணிக்கைக்காரன் புத்தி.

ஒருநாள் என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "ஒரு வருஷம் சுத்தினா டிக்கெட்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?" ஸ்லீப்பரிலும் பாசஞ்சரிலும் போனால் 15,000-க்குள் முடியும் என்றேன். "அதுல 40 சதவீதம் எவ்வளவு?" 6,000. "6,000 ரூபாய்க்காகவா ரெண்டு வருஷமா காத்துண்டிருக்கேள்?" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. எத்தனையோ சங்கச் செயலாளர்களை நான் இப்படி ஒரே கேள்வியில் மடக்கியிருக்கிறேன். மடங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

காரணம் பணம் இல்லை, பயம். காட்டுக்கும் கள்ளனுக்கும் பயப்படவில்லை. யாரிடமாவது சொல்ல என்னிடம் ஒரு காரணம் இல்லையே என்ற பயம். நம் பக்கத்தில் ஒருவன் வீட்டை விட்டு வெளியூர் போனால் அதற்கு மூன்றே காரணம்தான் செல்லும். பிழைப்பு, க்ஷேத்திராடனம், கோபம். பிழைப்பு முடிந்து பென்ஷன் வருகிறது. க்ஷேத்திராடனம் என்றால் மனைவியோடு போக வேண்டும், பதினைந்து நாளில் கங்கைச் சொம்போடு திரும்ப வேண்டும். மிச்சம் கோபம்தான். நான் கிளம்பப் போகிறேன் என்று தெருவில் தெரிந்ததும் பக்கத்து வீட்டு மாமி என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னடீ, ஏதாவது மனஸ்தாபமா?" என்று கேட்டிருக்கிறாள்.

போனவர்கள் இல்லாமல் இல்லை. நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். ஏனுகுல வீராசாமி என்று ஒருவர், சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பி, பதினைந்து மாதம் கழித்து 1831 செப்டம்பரில் திரும்பினார். ரயில் வராத காலம். வழியில் கண்டதையெல்லாம் எழுதி, சென்னையில் இருந்த நண்பர் ஒருவருக்கு அனுப்பிக்கொண்டே போனார். அதுதான் தெலுங்கில் 'காசி யாத்திரை சரித்திரம்' என்று புத்தகமாக வந்தது. அப்புறம் நம் ஏ.கே. செட்டியார். காந்தியைப் பற்றிப் படம் எடுப்பதற்காக உலகம் முழுக்க அலைந்து துண்டுப் படங்களைச் சேகரித்து 1940-ல் வெளியிட்டாரே, அவர். ஒருவருக்குக் காசி, ஒருவருக்குக் காந்தி. எனக்கு? இட்டார்சி ஜங்ஷனைப் பார்க்கணும் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

சென்னையிலிருந்து மச்சினன் வந்தான். அவன் வந்ததில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் கல்யாணத்தில் காசி யாத்திரைச் சடங்கு நடந்தது. உங்களுக்குத் தெரியும்: மாப்பிள்ளை குடை, தடி, விசிறியோடு, கையில் ஒரு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, எனக்கு சம்சாரம் வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று வாசல் வரை நடப்பான். பெண் வீட்டார் வந்து, எங்கள் பெண்ணைத் தருகிறோம், திரும்பி வாரும் என்று அழைத்துப் போவார்கள். 1982-ல் என்னை அப்படி அழைத்துப் போனது மாமனாரும் இந்த மச்சினனும்தான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. குடையை அவன்தான் பிடுங்கினான். 2015-ல் நரைத்த மீசையோடு அதே வேலைக்கு வந்திருந்தான். "அத்திம்பேர், உங்களுக்கு இங்க என்ன குறை? அக்கா ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டான். ஒரு குறையும் இல்லை என்றேன். "அப்போ எதுக்குப் போறேள்?" நாற்பது நிமிஷம் பேசினான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி காபியோடு வந்து, "சும்மா இருடா. அவர் போகட்டும். எனக்கும் கொஞ்சம் லீவு வேணும்" என்றாள்.

அவளை நான் கூட வரச் சொல்லிக் கேட்காமல் இல்லை. முழங்கால் வலி ஒரு காரணம். ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு. "முப்பத்து மூணு வருஷம் யாராவது ஒருத்தருக்கு டிபன் டப்பா கட்டற நேரத்தைப் பார்த்தே ஓடியாச்சு. இப்போதான் வீடு என் கைக்கு வந்திருக்கு. நீங்க வெளில போங்கோ, நான் உள்ள இருக்கேன். ரெண்டும் யாத்திரைதான்." அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

நிபந்தனைகள் அவள் போட்டாள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் பண்ண வேண்டும். ராத்திரி இருட்டின பிறகு புது ஊரில் இறங்கக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை இரண்டு மாதத்துக்குக் கைவசம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வாரச் செலவை அவளிடம் போனில் வாசிக்க வேண்டும். அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். "ஊரெல்லாம் தணிக்கை பண்ணினேளே, உங்களை ஒருத்தர் பண்ண வேண்டாமா?"

அப்போது என் பென்ஷன் 21,000 சொச்சம். அதில் 12,000 வீட்டுக்கு, 9,000 எனக்கு. அதுதான் இந்த 300 ரூபாய். பொன்மலையைக் கூப்பிட்டேன், வாடா போகலாம் என்று. அவன் அம்மாவுக்கு அப்போது தொண்ணூறு வயது, ஒரே பிள்ளை. "நான் எங்கடா வர்றது? நீ போ. நான் இங்க இருக்கேன்ல" என்றான். அந்த 'இருக்கேன்ல' என்ற வார்த்தையின் மதிப்பு எனக்கு அன்றைக்கு முழுசாகப் புரியவில்லை. சிலிண்டர் பதிவு, மின் கட்டணம், வீட்டு வரி, எல்லாவற்றையும் அவன் கையில் ஒப்படைத்தேன்.

2015 ஆவணி அவிட்டம் முடிந்த மறு வாரம், ஆறு கிலோ பையும் ஒரு பூட்டுச் சங்கிலியுமாகத் திருச்சியில் ரயில் ஏறினேன். பொன்மலை பிளாட்பாரத்துக்கு வந்து, வண்டி நகரும்போது, "கார்டு பச்சைக் கொடி காட்டினாரான்னு பாரு" என்றான். அவன் அப்பா ஞாபகம்.

300 ரூபாயில் எப்படி முடிந்தது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். ரகசியம் ஒன்றும் இல்லை. மெதுவாகப் போனால் முடியும். வேகம்தான் பணத்தைத் தின்கிறது. ஒரு ஊரில் பத்து நாள் இருந்தால் ரயில் செலவு பத்தாக வகுபடும். எந்தக் கடையில் சாப்பாடு மலிவு என்று மூன்றாம் நாள் தெரியும். நாலாம் நாள் அந்தக் கடைக்காரர் கூட ஒரு கரண்டி போடுவார். பகல் நேரத்துப் பாசஞ்சர் வண்டியில் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டராக நகர்ந்தால் ஒரு தோசை விலையில் அடுத்த ஊர் வந்துவிடும். படுக்கத் தர்மசாலை, ஸ்டேஷன் டார்மிட்டரி. பூரியில் ஜகந்நாதர் கோயிலுக்குள்ளேயே ஆனந்தபஜார் இருக்கிறது. மண்சட்டியில் சாதமும் பருப்பும் மகாபிரசாதமாக விற்கிறார்கள்; யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வியே அங்கே கிடையாது. என் பாட்டி பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பாள்.

ஒரே ஒரு சங்கடம், முன்னாலேயே தெரிந்திருந்தால் நல்லது. வடக்கே பல தர்மசாலைகளில் தனி ஆளுக்கு அறை தர மாட்டார்கள். குடும்பமாக வந்தால் உண்டு. தனியாக வருகிறவன் என்ன பண்ணுவானோ, உயிரை மாய்த்துக்கொள்வானோ என்று பயம். ஓரிடத்தில் என் நரைத்த தலையைப் பார்த்தும், "அகேலா ஆத்மி கோ நஹீ" என்று கதவைச் சாத்தினார்கள். தனி மனுஷனுக்கு இடமில்லை. நம் தெரு மாமிக்கு இருந்த சந்தேகம் தேசம் முழுக்க இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஒடிசாவில் ஒரு மாதம். கல்கத்தாவில் துர்கா பூஜை. நவம்பரில் அஸ்ஸாம். ஜோர்ஹாட்டுக்குப் பக்கத்தில் நிமாத்தி காட் என்ற படித்துறையிலிருந்து பிரம்மபுத்திராவில் படகேறினால் மாஜுலி என்ற தீவு. மனுஷர், மோட்டார் சைக்கிள், காய்கறி மூட்டை எல்லாம் ஒரே படகில். அங்கே சத்ரம் என்று சொல்லும் வைணவ மடங்கள் இருக்கின்றன. நம் சத்திரம் மாதிரி காதில் விழும். ஆனால் சங்கரதேவர் வழி வந்த மடங்கள். கார்த்திகைப் பௌர்ணமிக்கு ராஸ் திருவிழா. அந்த வருஷம் நவம்பர் 25. ராத்திரி முழுக்கக் கிருஷ்ண லீலை நாடகம். பனியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பாஷை தெரியாமல், விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். இதற்குத்தான் வந்தோம் போலிருக்கிறது, காரணம் கிடைத்துவிட்டது, மச்சினனுக்குச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன்.

ஞாயிறு, நவம்பர் 29. ஜோர்ஹாட் திரும்பி, பத்து மணிக்குப் போன் பண்ணினேன். செலவை வாசித்தேன். படகு இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு. வழக்கமாக அவள் ஒவ்வொரு தொகையையும் திருப்பிச் சொல்லுவாள். எழுதும்போது வாய் சொல்லும், பழைய கணக்கப்பிள்ளை மாதிரி. அன்றைக்கு, "ம்... ம்... மேல சொல்லுங்கோ" என்றாள். யோசித்துப் பார்த்தேன். போன ஞாயிறும் இப்படித்தான். அதற்கு முந்தின ஞாயிறும். "நீ எழுதலையா?" என்று கேட்டேன். "ஞாபகம் வெச்சுப்பேன், சொல்லுங்கோ." "நோட்டு எங்கே?" பதில் இல்லை. முப்பத்தாறு வருஷத் தணிக்கையில் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு: பேரேட்டைக் காட்ட மாட்டேன் என்கிற இடத்தில் ஏதோ இருக்கிறது.

தீபாவளிக்கு நாலாம் நாள், மழையில் முற்றம் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. பொன்மலைதான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறான். கட்டுப் போட்டாகிவிட்டது. பதினைந்து நாளாக எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்குத் தெரியும், பெண்ணுக்குத் தெரியும், மச்சினனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று அவள் உத்தரவு.

மறுநாள் ராத்திரி பஸ்ஸில் குவாஹாத்தி, அங்கிருந்து ஹௌரா. டிசம்பர் 2-ம் தேதி ஹௌராவில் இறங்கினால், சென்னையில் வெள்ளம். 2015 டிசம்பர் உங்களுக்கு மறக்காது. சென்னைப் பக்கம் போகும் வண்டிகள் வரிசையாக ரத்து. மூன்று மாதத்தில் முதல் தடவையாக, 300 ரூபாய்க் கணக்கைத் தூக்கி எறிந்து விமானத்தில் போவோம் என்று விசாரித்தேன். சென்னை விமான நிலையத்தையும் மூடிவிட்டார்கள். ஹௌரா ஸ்டேஷனில் இரண்டு நாள் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தேன். வீட்டுக்குப் போன் பண்ணினால், "மெதுவா வாங்கோ, ஒண்ணும் அவசரமில்லே" என்பாள். அந்த இரண்டு நாளில் எனக்குத் தோன்றியதையெல்லாம் இந்த மேடையில் சொல்ல முடியாது. கடைசியில் விஜயவாடா வரை ஒரு வண்டி, அங்கிருந்து மாறி மாறிக் காட்பாடி, வேலூரிலிருந்து பஸ். 7-ம் தேதி விடியற்காலை வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் திறந்தது மச்சினன் மனைவி. உள்ளே சமையல் நடந்துகொண்டிருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பொன்மலையோடு நான் சண்டை போட்டேன். ஐம்பது வருஷ சிநேகிதத்தில் அவனிடம் அப்படி நான் கத்தியதில்லை. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சொல்லியிருந்தா என்னடா பண்ணியிருப்பே? மூணு நாள் ரயில்ல உட்கார்ந்து வந்திருப்பே. அதுக்குள்ள கட்டுப் போட்டாச்சுல்ல" என்றான். நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். நான் இல்லாமலே வீடு நடந்திருக்கிறது. அது ஆறுதலா, அவமானமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். நவம்பர் 15-ம் தேதி, 22-ம் தேதி, 29-ம் தேதி. மூன்று வாரமும் எழுதியிருந்தது. போனை வைத்த பிறகு, ஞாபகத்திலிருந்து, இடது கையால். எண்களெல்லாம் ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதின மாதிரி சாய்ந்து கிடந்தன. ஒரு பக்கத்தில் கூட்டுத்தொகை 13 ரூபாய் உதைத்தது. நான் திருத்தவில்லை.

டிசம்பர் கடைசியில் கட்டுப் பிரித்தார்கள். பிரித்த கையை மடக்கி நீட்டப் பழக்குவதற்கு இன்னும் ஒரு மாதம். அந்த ஏழெட்டு வாரமும் நான்தான் சமையல். அதைப் பற்றி அவளைக் கேளுங்கள், அவள் ஒரு தனி உரையே ஆற்றுவாள். பொங்கல் வந்தது, போனது. பை மூலையில் இருந்தது. பிள்ளை பெங்களூரிலிருந்து வந்து, "போதும்ப்பா, பார்த்தாச்சுல்ல" என்றான். நானும் போதும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அப்போதுதான் ஒருநாள் அவள் அந்த நோட்டைக் கொண்டு வந்து முன்னால் வைத்தாள். "பாதி நோட்டு காலியா இருக்கு. என்ன பண்ணப் போறேள்?"

நண்பர்களே, என்னைப் பொறுத்தவரை முடிவு என்றால் அதுதான் முடிவு. செப்டம்பரில் நான் கிளம்பியது ஒரு வேகம். நாற்பது வருஷ ஆசை தள்ளிவிட்டது. போனால் என்ன ஆகும் என்று அப்போது தெரியாது. பிப்ரவரியில் தெரியும். ஹௌரா பிளாட்பாரம் தெரியும். அவள் மறுபடி விழலாம் என்று தெரியும். தெரிந்து கிளம்ப வேண்டும். ஒரு வாரம் தூங்கவில்லை. "நீ நிஜமா போன்னு சொல்றியா, எனக்காகச் சொல்றியா?" என்று கேட்டேன். "ரெண்டும்தான். பிரிச்சுப் பார்க்காதீங்கோ" என்றாள்.

இந்தத் தடவை நிபந்தனை என்னுடையது. எது நடந்தாலும் அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டும். வருவதா வேண்டாமா என்று நான் முடிவு பண்ணிக்கொள்கிறேன். பொன்மலை என் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். வீடு வந்து சேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும் இடத்துக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். லடாக்கும் அருணாசலமும் அன்றைக்குப் பட்டியலிலிருந்து அடிபட்டன; இன்று வரை பார்க்கவில்லை. திரும்பி வர விமானக் கட்டணம் ஒரு தனிக் கணக்கில், தொடக் கூடாத பணமாகப் போட்டேன். சிக்கனமாகப் போகிறவனுக்குத்தான் அந்தப் பணம் அவசியம் என்று ஹௌராவில் கற்றுக்கொண்டேன். அங்கே அதுவும் உதவியிருக்காது என்பது வேறு விஷயம்.

2016 பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை இரண்டாம் பாதி. காசியில் நகரத்தார் சத்திரத்தில் தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அமிர்தசரஸ் பொற்கோயிலில் மூன்று நாள் இடம் தருகிறார்கள். யார், எவர், ஏன் தனியாக வந்தாய் என்று ஒரு கேள்வி கிடையாது. லங்கரில் உட்கார்ந்தவனுக்கெல்லாம் ரொட்டி. நான் தினம் இரண்டு மணி நேரம் தட்டுக் கழுவினேன். வீட்டில் கழுவாத தட்டையெல்லாம் சேர்த்து அங்கே கழுவிவிட்டேன் என்று போனில் சொன்னேன். அவள் சிரித்ததைக் கேட்டு நாளாகியிருந்தது. மற்ற ஊர்களைப் பற்றி இன்னொரு சமயம். ஞாயிறுகளில் அவள் தொகைகளைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்த வாரம் ஆரம்பிக்கும்.

போனது சரியா? இங்கே வந்திருக்கும் நண்பர் ஒருவர் நேற்று ராத்திரி விடுதி அறையில் முகத்துக்கு நேரே சொன்னார்: "நீ பண்ணினது தப்புடா. ஒரு பொம்பளை அதைப் பண்ணியிருந்தா விட்டிருப்பியா?" என்னிடம் பதில் இல்லை. 2018-ல் அவள் தன் தங்கையோடு ஒன்றரை மாதம் காசி, கயா, ஹரித்வார் என்று போய் வந்தாள். விட்டேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவள் என்னைக் கேட்கவில்லை, தேதி சொன்னாள். ஞாயிறு பத்து மணிக்கு நான் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

பொன்மலையின் அம்மா 2019-ல் தொண்ணூற்று நாலு வயதில் காலமானார். 2022 ஜனவரியில், நானும் அவனும் கிளம்பினோம். 1974-ல் போட்ட திட்டம். சலுகை கிடையாது, முழுக் கட்டணம். அந்த பிராட்ஷாவையும் எடுத்துக்கொண்டான். அதில் இருக்கும் ஒரு வண்டி நேரமும் இப்போது சரியில்லை என்று சொன்னால் கேட்க வேண்டுமே. இட்டார்சியில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் டீ குடித்தோம். அவன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்து, "பெரிசாத்தாண்டா இருக்கு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

தலைவர் மணியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். மெஸ்ஸில் இலை போட்டாயிற்று என்று வேறு செய்தி வந்திருக்கிறது. சாம்பார் பழைய சாம்பார்தானா என்று பார்க்க வேண்டும். கணக்கு நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேன், என் மனைவியின் பையில் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்கிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு அவளிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.